ஆயர் ஏற்றத்தின் குட்டிக் கள்ளிகள்

அர்ஜென்டினாவின் வடமேற்கு மூலையில் இருக்கும் சால்ட்டா நகரிலிருந்து காச்சி என்ற மலையூருக்கு 157 கிலோமீட்டர். அந்தத் தூரத்துக்குள் புகையிலை வயல், பாசி படர்ந்த காடு, மேகம் உரசும் புல்வெளி, கடைசியில் வறண்ட பாலை என்று நான்கு நிலங்கள் வந்து போகின்றன. விடிந்ததும் விடுதி வாசல்களில் சுற்றுலா வேன்கள் வந்து நின்றுவிடும். ஏறுகிறவர்களில் பெரும்பாலானோருக்கு ஒரே ஆசைதான்: பாலையில் ஆளைவிடப் பல மடங்கு உயர்ந்து நிற்கும் கார்தோன் என்ற ராட்சதக் கள்ளியின் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அக்டோபர் முடிந்து நவம்பர் பிறக்கும் சமயம் அங்கே வசந்தம். அப்படியொரு காலையில் புறப்பட்ட வேனில் இருந்த பயணி ஒருவர் தேடிப் போனது வேறொரு கள்ளியை. ரெபூட்டியா மினுஸ்குலா என்பது அதன் தாவரவியல் பெயர். ஒரு தலையின் அகலம் பொதுவாக ஐந்து சென்டிமீட்டருக்குள்தான். உயரம் அதைவிடக் குறைவு. பக்கம் பக்கமாகத் தலைகள் பெருகிக் கூட்டமாக வாழ்வது அதன் இயல்பு. அது வாழும் இடம் பாலை அல்ல. வழியில் வேன்கள் பெரும்பாலும் நிற்காமல் கடந்துபோகும் ஈரமான மலைச்சரிவு.

கள்ளி என்றால் மணல், வெயில், வறட்சி என்று பழகிப்போன கண்ணுக்கு இந்தச் சாலை ஒரு நல்ல பாடம். ஒரே மலையின் கிழக்கு முகத்தில் குட்டிக் கள்ளி, மேற்கு முகத்தில் ராட்சதக் கள்ளி. இரண்டும் ஒரே குடும்பம். இரண்டுக்கும் நடுவே ஒரு கணவாய்.

சால்ட்டா 1582-இல் எர்னாந்தோ தெ லெர்மா என்ற ஸ்பானிய ஆளுநர் நிறுவிய ஊர். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,150 மீட்டர் உயரம். ஊர் அமர்ந்திருக்கும் பள்ளத்தாக்குக்கும் லெர்மாவின் பெயர்தான். ஆண்டுக்கு ஏறத்தாழ 700 மில்லிமீட்டர் மழை. அதில் பெரும்பகுதி நவம்பரிலிருந்து மார்ச்சுக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். கிழக்குச் சமவெளிகளைக் கடந்து வரும் ஈரக்காற்று ஆண்டீஸின் முதல் மலைவரிசையில் மோதி, மேலேறி, குளிர்ந்து, மழையாகவும் மூடுபனியாகவும் இறங்குகிறது. மலையைத் தாண்டிப் போகும் காற்றில் மிச்சம் எதுவும் இருப்பதில்லை. அதனால்தான் மறுபக்கத்தில் இருக்கும் காச்சிக்கு ஆண்டு முழுவதும் சேர்த்தே 200 மில்லிமீட்டர் கிடைப்பது கடினம். எந்தக் கள்ளி எங்கே வாழும் என்பதைத் தீர்மானிப்பது இந்தக் காற்றுதான்.

தெற்கே போகும் நெடுஞ்சாலையில் எல் காரில் வரை சமதரை. சாலையின் இருபுறமும் புகையிலை வயல்கள், இலையை உலர்த்தும் செங்கல் கட்டடங்கள். அங்கிருந்து மேற்கே திரும்பினால் சிகோவானா. சோளமாவில் இறைச்சி பொதிந்து, சோளத் தோகையில் சுற்றி வேகவைக்கும் தமாலுக்குப் பேர்போன ஊர். ஆண்டுதோறும் அதற்கென்றே ஒரு திருவிழா நடக்கிறது. அதைக் கடந்ததும் வயல்கள் மறைந்து மலைகள் நெருங்கிவிடுகின்றன. எஸ்கோய்பே ஆற்றின் பள்ளத்தாக்கு தொடங்குகிறது.

முதலில் காடு. ஆண்டீஸின் கிழக்குச் சரிவு நெடுகிலும் பெரு, பொலிவியா வழியாக இறங்கி வரும் யுங்காஸ் என்ற மேகக்காட்டின் தென்கோடி அர்ஜென்டினாவின் இந்த வடமேற்கு மாநிலங்களில்தான் இருக்கிறது. மரக்கிளைகளில் பாசியும் பன்னமும் தில்லாண்ட்சியா என்ற ஒட்டுச்செடியும் அப்பிக்கிடக்கின்றன. உயரம் கூடக்கூட ஆல்டர் மரங்கள். இந்த ஈரக்காட்டிலும் கள்ளிகள் உண்டு. கிளைகளிலிருந்து கீழ்நோக்கித் தொங்கும் மெல்லிய பச்சைத் தண்டுகளைக் கொடி என்று நினைத்துக் கடந்துவிடுவோம். அவை ரிப்சாலிஸ் இனக் கள்ளிகள். மரத்தின் மேல் வாழ்பவை. முள் இல்லாதவை என்றே சொல்லலாம். காய்ப்பதோ முத்துப் போன்ற சிறு கனிகள்.

இலங்கைக்கும் இந்தக் காட்டுக்கும் ஓர் உறவு இருக்கிறது. கள்ளிக் குடும்பத்தில் 1,500-க்கும் மேற்பட்ட இனங்கள். அவை அனைத்துக்கும் தாயகம் அமெரிக்கக் கண்டங்கள்தான். விதிவிலக்கு ஒன்றே ஒன்று: ரிப்சாலிஸ் பாசிஃபெரா. ஆப்பிரிக்காவிலும் மடகாஸ்கரிலும் இலங்கைக் காடுகளிலும் அது இயற்கையாகவே வளர்கிறது. கடல் கடந்து எப்படிப் போனது என்பது இன்னும் விவாதத்தில் இருக்கிறது. பறவைகள் விதையைக் கொண்டுபோயிருக்கலாம் என்பது ஒரு கருத்து. தமிழ்நாட்டு வேலிகளில் பால் வடிக்கும் திருகுகள்ளியும் சதுரக்கள்ளியும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை அல்ல, அவை ஆமணக்கின் உறவினர்கள். சப்பாத்திக்கள்ளி உண்மையான கள்ளிதான். ஆனால் அதுவும் அமெரிக்காவிலிருந்து வந்து குடியேறியது.

காடு மெலிந்து, புல் படர்ந்த சரிவுகள் திறந்துகொள்ளும் இடத்தில் ஏற்றம் தொடங்குகிறது. ஸ்பானிய மொழியில் குவெஸ்தா தெல் ஒபிஸ்போ, அதாவது ஆயரின் ஏற்றம். 1622-இல் துக்குமான் ஆயராக இருந்த ஹூலியான் தெ கோர்த்தாசார், காச்சிக்குப் போகும் வழியில் இந்தச் சரிவில் ஓர் இரவு தங்கினாராம். அந்த இரவின் நினைவாகத்தான் பெயர். கோவேறு கழுதைகள் ஏறிய தடம் இன்று வளைந்து நெளிந்து மேலேறும் மலைச்சாலை. ஏறத்தாழ 20 கிலோமீட்டருக்கு ஒரு வளைவு முடிவதற்குள் அடுத்த வளைவு. சாலையின் மேல்பகுதி நெடுங்காலமாக மண்ணும் சரளையுமாகவே இருந்து வந்தது. ஜனவரி, பிப்ரவரி மழையில் சரிவு இடிந்து விழுந்தால் போக்குவரத்து நின்றுவிடும்.

வளைவுகள் தொடங்கியதும் ஓட்டுநர் ஒரு சிறிய பையிலிருந்து கோக்கா இலைகளை எடுத்துக் கன்னத்தில் அடக்கிக்கொண்டார். கூடவே ஒரு சிட்டிகை சமையல் சோடா. பின்னால் இருந்தவர்களிடமும் பையை நீட்டினார். ஆண்டீஸ் மக்களுக்கு உயரத்தின் களைப்பும் தலைவலியும் தீர வழிவழியாக வந்த மருந்து இது. அர்ஜென்டினாவின் வடமாநிலங்களில் இலையை மெல்வதற்குச் சட்டமும் இடம் தருகிறது.

பள்ளத்தாக்கு முழுவதும் மேகம். வேன் அதற்குள் நுழைந்தது. சிறிது நேரம் கண்ணாடிக்கு வெளியே வெள்ளையைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை. பிறகு மேகம் காலடியில் தங்க, வெயில் பளிச்சென்று விழுந்தது. சாலை சற்று அகலமாக இருந்த ஒரு வளைவில் வண்டியை நிறுத்தச் சொல்லிப் பயணி இறங்கினார்.

நின்று பார்த்தால் அங்கே எதுவும் தெரியாது. பழுப்பும் பச்சையுமான புல், நடுநடுவே துருத்திக்கொண்டிருக்கும் பாறை, பாறையின் இடுக்குகளில் ஈரப் பாசி. அவ்வளவுதான். குனிந்து, பாறையின் ஓரத்தில் புல்லை விலக்கினால் ஒரு சிவப்புப் புள்ளி. அதைத் தொடர்ந்து கண்ணை ஓட்டினால் இன்னும் நான்கைந்து. அதன் பிறகுதான் உடல்கள் புலப்படும். தட்டையான பச்சை உருண்டைகள் ஒன்றோடொன்று ஒட்டி, கார்த்திகைக்குப் பிடித்த பொரியுருண்டைகளைத் தட்டில் நெருக்கி வைத்தாற்போல அமர்ந்திருக்கின்றன.

இன்னும் நெருங்கிப் பார்க்க வேண்டும். பல கள்ளிகளுக்கு இருப்பது போன்ற மேடு பள்ள வரிகள் இதற்கு இல்லை. உடல் முழுவதும் சின்னச் சின்னக் குமிழ்கள், உச்சியிலிருந்து சுருள் சுருளாக இறங்கி வருகின்றன. ஒவ்வொரு குமிழின் நுனியிலும் ஒரு கண். அதிலிருந்து இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீளத்தில் வெண்மையான மென்முட்கள் நாலாபக்கமும் விரிகின்றன. விரலால் தடவினால் குத்தாது, சற்றே உறுத்தும். உச்சியில் சிறு பள்ளம். அங்கேதான் புதிய குமிழ்கள் பிறக்கின்றன. வயதான குமிழ்கள் மெல்ல மெல்ல அடிப்பக்கம் தள்ளப்படுகின்றன.

பூ வருவது அந்த அடிப்பக்கத்திலிருந்துதான். உலகின் பெரும்பாலான உருண்டைக் கள்ளிகள் உச்சியிலோ உச்சியை ஒட்டியோ பூக்கும். ரெபூட்டியா மினுஸ்குலா அதன் பழைய கண்களிலிருந்து, தரையை ஒட்டி மொட்டு விடுகிறது. மொட்டுகள் பக்கவாட்டில் கிளம்பி, வளைந்து மேல்நோக்கி நிமிர்கின்றன. நன்றாகப் பூத்த ஒரு தலையைச் சுற்றி ஒரு வளையமே அமைந்துவிடும். இந்த வளையத்தைப் பார்த்துத்தான் மேலைநாட்டுத் தோட்டக்காரர்கள் இதைக் கிரீடக் கள்ளி என்கிறார்கள். உடலின் அகலத்துக்குக் கிட்டத்தட்டச் சமமான பூ. பெரும்பாலும் சிவப்பிலிருந்து ஆரஞ்சு வரை நிறம். பூவின் கழுத்து மெலிந்த குழாய். அதன்மேல் முடியோ முள்ளோ இல்லாமல் வழவழவென்று இருக்கும். வெயில் ஏறியதும் இதழ் விரியும், மாலையில் கூம்பும். சில நாட்கள் இப்படி விரிந்தும் கூம்பியும் இருந்துவிட்டு வாடும். மேகம் விலகாத நாளில் பூ திறக்காமலே இருந்துவிடுவதும் உண்டு.

மேகத்தை நம்பி வாழும் இடத்தில் தேனீயை முழுவதும் நம்ப முடியாது. இந்தச் செடி அதற்கும் வழி வைத்திருக்கிறது. பல கள்ளி இனங்களுக்கு விதை கட்ட இன்னொரு செடியின் மகரந்தம் வேண்டும். ரெபூட்டியா மினுஸ்குலாவுக்குத் தன் மகரந்தமே போதும். பூச்சி வந்தால் நல்லது, வராவிட்டாலும் காய் பிடிக்கும். காய் பட்டாணியைவிடச் சிறியது. முற்றி, உலர்ந்து, வெடித்தால் கறுப்பு விதைகள் தாய்ச்செடியின் காலடியிலேயே கொட்டும். மழைநீர் சிலவற்றை அடித்துக்கொண்டு போய்க் கீழே உள்ள பாறை இடுக்குகளில் சேர்க்கும். மிஞ்சியவை தாயின் நிழலிலேயே முளைக்கும்.

கூட்டம் பெருகுவது விதையால் மட்டும் அல்ல. ஒரு தலை முதிர்ந்ததும் அதன் அடிக்கண்களிலிருந்து பக்கக்கன்றுகள் வெடிக்கின்றன. அவை தாயோடு ஒட்டியிருந்தபடியே வேர் விட்டுக்கொள்ளும். கல் உருண்டோ ஆட்டின் குளம்பு பட்டோ ஒரு கன்று பிய்ந்து விழுந்தால், விழுந்த இடத்தில் அது தனிச் செடி. அழுகல் வந்து ஒரு தலை சாய்ந்தாலும் மற்றவை பிழைக்கும். நெருங்கி அமர்ந்திருப்பதால் வெயிலும் பனியும் காற்றும் தாக்கும் பரப்பு குறைகிறது. வெளிவட்டத்தில் இருப்பவை தாங்கிக்கொள்ள, நடுவில் இருப்பவை பத்திரமாக இருக்கின்றன. தலைகளுக்கு இடையே தூசியும் சருகும் பாசியும் சேர்ந்து மண்ணாகின்றன. வெறும் பாறையில் ஒரு பிடி மண்ணைத் தேக்கி வைப்பது சிறிய காரியம் அல்ல. ஒரு சிறு உடலால் தனியே முடியாததைக் கூட்டம் செய்து முடிக்கிறது.

இந்தச் சரிவின் ஆண்டு இரண்டாகப் பிரிந்திருக்கிறது. கோடையில் மழையும் மூடுபனியும் மாறி மாறி நனைக்கும். உருண்டைகள் நீர் குடித்துப் புடைக்கும். ஏப்ரலுக்குப் பிறகு வானம் வெளுத்துவிடும். ஜூன், ஜூலையில் பகலில் கண் கூசும் வெயில், இரவில் உறைபனி. அந்த மாதங்களில் ரெபூட்டியா வளர்வதில்லை. நீரை இழந்து சுருங்கி, தட்டையாகி, நிறம் மங்கி, புல்லின் அடியில் இருப்பதே தெரியாமல் கிடக்கும். உடலில் நீர் குறைந்திருப்பதால் உறைபனி அதை எளிதில் உடைப்பதில்லை. தொட்டியில் வளர்ப்பவர்கள் குளிர்காலத்தில் இதற்குத் தண்ணீரை நிறுத்திவிடுவதும் இந்த ஒழுங்கைப் பின்பற்றித்தான். குளிர்ந்த, வறண்ட ஓய்வு கிடைக்காவிட்டால் அடுத்த வசந்தத்தில் மொட்டுகள் சரியாக வராது.

மூச்சு விடும் முறையும் கள்ளிகளில் பலவற்றுக்குப் பொதுவானது. பெரும்பாலான செடிகள் பகலில் தங்கள் நுண்துளைகளைத் திறந்து காற்றை உள்ளே எடுக்கும். கள்ளிகளில் மிகப் பல இரவில்தான் திறக்கின்றன. கரியமில வாயுவை அமிலமாக மாற்றிச் சேமித்து வைத்து, பகலில் துளைகளை மூடிக்கொண்டு, அந்தச் சேமிப்பிலிருந்து உணவு சமைக்கின்றன. குளிர்ந்த இரவில் நீர் ஆவியாவது குறைவு. பாலைக்குப் பொருத்தமான இந்த முறை, மண்ணே இல்லாத பாறை இடுக்குக்கும் அப்படியே பொருந்துகிறது. மேகம் சூழ்ந்த சரிவானாலும் பாறையில் விழும் மழை சில மணி நேரத்தில் வடிந்துவிடுகிறதே.

சால்ட்டா, ஹுஹுய், துக்குமான் ஆகிய மூன்று மாநிலங்களின் மலைகளில் இந்த இனம் பரவியிருக்கிறது. மலை மடிப்புக்கு மடிப்பு அதன் தோற்றம் மாறுகிறது. ஒரு பள்ளத்தாக்கில் முள் குட்டை, அடுத்ததில் நீண்டு வெண்முடியாகத் தலையை மூடும். ஒரு சரிவில் பூ சிவப்பு, இன்னொன்றில் மஞ்சள், வேறொன்றில் ஊதா கலந்த ரோஜா நிறம். இந்த வேறுபாடுகள்தான் நூறாண்டுகளாகத் தாவரவியலாளர்களைப் படாதபாடு படுத்தியிருக்கின்றன.

ரெபூட்டியா என்ற பேரினத்தை 1895-இல் அறிவித்தவர் கார்ல் ஷூமன். பெர்லினில் பணியாற்றியவர், ஜெர்மன் கள்ளிச் சங்கத்தின் முதல் தலைவர். லியோன் நகருக்கு அருகே கள்ளிகளை வளர்த்து விற்று வந்த பியர் ரெபூ என்ற பிரெஞ்சுக்காரரைச் சிறப்பிக்கவே அந்தப் பெயர். ஆனால் சில ஆண்டுகளிலேயே ஷூமன் மனம் மாறி, அதை வேறொரு பெரிய பேரினத்துக்குள் தானே கரைத்துவிட்டார். அமெரிக்கத் தாவரவியலாளர்கள் பிரிட்டனும் ரோஸும் 1919 முதல் 1923 வரை நான்கு தொகுதிகளாகக் கள்ளிக் குடும்பத்தின் பெருநூலை வெளியிட்டபோது ரெபூட்டியாவுக்கு மீண்டும் தனியிடம் தந்தார்கள்.

அதன் பிறகு தேடல்காரர்களின் காலம். 1920-களின் இறுதியிலும் 1930-களிலும் செக் நாட்டு ஆல்பர்ட்டோ ஃப்ரிச்சும் ஜெர்மனியின் குர்ட் பாக்கெபெர்க்கும் இந்த மலைகளில் அலைந்து செடிகளை ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள். ஃப்ரிச் தான் கண்ட ஒரு சின்னஞ்சிறு கள்ளிக்கு ஆல்பர்ட் ஐன்ஸ்டைனின் பெயரைச் சூட்டினார். ரெபூட்டியா ஐன்ஸ்டைனி என்ற அதன் தாயகமும் இந்த சால்ட்டா மலைகள்தான். பாக்கெபெர்க் பெயர் சூட்டுவதில் தாராளம் காட்டியவர். முள் கொஞ்சம் நீண்டால் ஓர் இனம், பூ கொஞ்சம் வெளிறினால் இன்னோர் இனம். வெண்முடிக்காரிக்கு செனிலிஸ், ஊதாப் பூக்காரிக்கு வயலாசிஃப்ளோரா என்று பட்டியல் நீண்டுகொண்டே போனது. பிற்கால ஆய்வாளர்கள் அந்தப் பெயர்களில் பலவற்றை ரெபூட்டியா மினுஸ்குலா என்ற ஒரே இனத்துக்குள் கொண்டுவந்து சேர்த்தார்கள்.

மரபணு ஆய்வு வந்தபோது இன்னொரு திருப்பம். 2007-இல் வெளியான ஆய்வு, ரெபூட்டியா என்று ஒன்றாகத் தொகுத்து வைத்திருந்த செடிகள் ஒரே மூதாதையின் பிள்ளைகள் அல்ல என்று காட்டியது. பூக்குழாய் வழவழப்பாக இருப்பவை ஒரு கிளை. பூக்குழாயில் முடியும் மென்முள்ளும் உள்ளவை வேறு கிளை. பின்னதற்கு அய்லோஸ்தெரா என்று 1923-லேயே தனிப்பெயர் தந்திருந்தவர் இத்தாலியில் பிறந்து அர்ஜென்டினாவில் வாழ்ந்த கார்லோஸ் ஸ்பெகாசினி. பூவின் கழுத்தைப் பார்த்து அவர் பிரித்தது எத்தனை சரி என்பதை 80 ஆண்டுகளுக்கு மேல் கழித்து மரபணு உறுதி செய்தது. ஐன்ஸ்டைனின் பெயர் தாங்கிய செடியும் இன்று பலரது பட்டியலில் அய்லோஸ்தெராவாக இடம் மாறிவிட்டது. சிறியதாக இருப்பது, கூட்டமாக வாழ்வது, அடியில் பூப்பது ஆகிய மூன்றும் ஒன்றுக்கு மேற்பட்ட கள்ளிக் கிளைகளில் தனித்தனியே உருவாகியிருக்கின்றன. இந்த மலைகளில் அந்த வாழ்க்கைமுறை நன்றாகவே பலன் தந்திருக்கிறது.

வேன் மறுபடி ஏறத் தொடங்கியது. உச்சியில் பியெத்ரா தெல் மொலினோ என்ற கணவாய். 3,457 மீட்டர் என்கிறது பலகை. ஒரு சிறு தேவாலயம், அருகில் வட்டமான பழைய எந்திரக்கல். அந்தக் கல்தான் கணவாய்க்குப் பெயர் தந்தது. காற்று நிற்க விடவில்லை. கிழக்கே திரும்பினால் வளைந்து வளைந்து ஏறி வந்த சாலையும் அதன் கீழே மேகமும் தெரிந்தன. மேலே ஒரு காண்டோர் இறக்கையை அசைக்காமல் வட்டமிட்டது.

மேற்கே திரும்பினால் மேகமே இல்லை. சில கிலோமீட்டரில் புல் குட்டையாகி, நிறம் மங்கி, கடைசியில் மண்ணும் முட்புதருமாக மாறிவிட்டது. 1996-இல் அறிவிக்கப்பட்ட லோஸ் கார்தோனெஸ் தேசியப் பூங்கா இங்கேதான் இருக்கிறது. பரப்பு ஏறத்தாழ 65,000 ஹெக்டேர். அதன் நடுவே தின் தின் நேர்சாலை ஒரு வளைவும் இல்லாமல் 18 கிலோமீட்டர் ஓடுகிறது. இன்கா காலத்துப் பாதையின் மேலேயே இது போடப்பட்டது என்கிறார்கள். இருபுறமும் கண்ணுக்கெட்டிய தூரம் கார்தோன்கள். மிக மெதுவாக வளர்ந்து, பல மீட்டர் உயர்ந்து, வயதான பிறகே கைகளாகக் கிளைப்பவை.

ரெபூட்டியாவைப் பார்த்துவிட்டு வந்த கண்ணுக்கு இந்த ராட்சதர்கள் வேறு விதமாகத் தெரிகிறார்கள். கார்தோன் தன் வரிமேடுகளை விரித்து, கிடைக்கும் சில நாள் மழையை உடலுக்குள் நிரப்பி, மாதக்கணக்கில் செலவழிக்கிறது. நீரைத் தேக்கும் பேருடலைத் தாங்க உள்ளே மரத்தாலான எலும்புக்கூடு வேண்டும். செடி இறந்து சதை உலர்ந்த பிறகு, துளைகள் நிறைந்த அந்த மரம் மட்டும் மிஞ்சும். மரமே அரிதான இந்த வட்டாரத்தில் கதவும் கூரையும் நாற்காலியும் அதில்தான் செய்தார்கள். காச்சியின் சான் ஹோசே தேவாலயத்தில் கூரையும் பாவமன்னிப்புக் கூண்டும் கார்தோன் மரம். நிமிர்ந்து பார்த்தால் பலகைகளில் வரிசை வரிசையாக நீள்துளைகள். ரெபூட்டியாவிடம் இப்படி எடுத்துக்கொள்ள எதுவும் இல்லை. அதனால் ஊர் அதைக் கவனிக்கவும் இல்லை. பூங்காவுக்குப் பெயர் தந்தவை கார்தோன்கள். படங்களிலும் அஞ்சலட்டைகளிலும் இடம்பிடித்தவையும் அவைதான்.

கவனித்தவர்கள் சேகரிப்பாளர்கள். அங்கேதான் கவலை தொடங்குகிறது. 2015-இல் நேச்சர் பிளான்ட்ஸ் இதழில் வெளியான உலகளாவிய மதிப்பீடு 1,478 கள்ளி இனங்களை ஆராய்ந்தது. அவற்றில் 31 விழுக்காடு அழியும் ஆபத்தில் இருந்தன. ஆபத்தில் உள்ள இனங்களில் ஏறத்தாழ பாதியைத் தோட்ட வணிகத்துக்காகச் செடியையும் விதையையும் காட்டிலிருந்து அள்ளுவது பாதித்திருந்தது. ரெபூட்டியா மினுஸ்குலா மூன்று மாநிலங்களில் பரவியிருப்பதால் அதன் நிலை அத்தனை மோசம் இல்லை. ஆனால் ஒரே பள்ளத்தாக்கில் மட்டும் வாழும் சிறிய இனங்கள் ஆண்டீஸில் ஏராளம். அப்படியொரு சரிவை இரண்டு பேர் இரண்டு சாக்குகளோடு ஒரு பகலில் காலி செய்துவிடலாம். செடி சிறியதாகவும் கூட்டமாகவும் இருப்பது அதன் பலம். அள்ளுபவருக்கு வசதியும் அதுவே.

நடக்காத கதையைச் சொல்லவில்லை. 2020-இல் இத்தாலியக் காவல்துறை ஒரு வீட்டைச் சோதனையிட்டபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட அரிய கள்ளிகள் சிக்கின. பெரும்பாலானவை சிலியின் அட்டகாமா பாலையிலிருந்து தோண்டி எடுக்கப்பட்ட கோபியாபோவாக்களும் எரியோசைஸ்களும். இவற்றில் வயது முதிர்ந்த செடிகளும் இருந்தன. அடுத்த ஆண்டு 800-க்கும் மேற்பட்ட செடிகள் சிலிக்குத் திருப்பி அனுப்பப்பட்டன. வழியிலும் கிடங்கிலும் இறந்தவை திரும்பவில்லை. கள்ளிக் குடும்பம் கிட்டத்தட்ட முழுவதுமே, உயிரின வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் பட்டியலில் இருக்கிறது. அனுமதிச் சீட்டு இல்லாமல் காட்டுச் செடியை எல்லை தாண்டிக் கொண்டுபோவது குற்றம்.

ரெபூட்டியா விஷயத்தில் இந்தத் திருட்டுக்கு ஒரு காரணமும் இல்லை என்பதுதான் வருத்தம். தானே சூல்கொண்டு, ஏராளமாக விதை தந்து, எளிதாக முளைத்து, இரண்டு மூன்று ஆண்டுகளிலேயே பூத்துவிடும் கள்ளி இது. உலகெங்கும் நாற்றுப்பண்ணைகள் இதை விதையிலிருந்தே பெருக்குகின்றன. வாங்குகிறவர் ஒரு கேள்வி கேட்டால் போதும்: செடி விதையில் வளர்ந்ததா, மலையிலிருந்து பெயர்த்ததா? தண்டின் அடியில் தழும்பும் பழுப்பேறிய மேலோடும் கோணல்மாணலான வேரும் இருந்தால் சந்தேகப்பட வேண்டும். விதையில் வளர்ந்த செடி பெரும்பாலும் சீராக, பச்சையாக, வெட்டுப்பட்ட காயமில்லாமல் இருக்கும்.

ஆயர் ஏற்றத்தில் அதைப் பார்க்க விரும்புவோர் அக்டோபர், நவம்பர் மாதங்களில் போவது நல்லது. ஜனவரி, பிப்ரவரியில் சாலை திறந்திருக்கிறதா என்று சால்ட்டாவிலேயே விசாரித்துக்கொள்ள வேண்டும். கும்பலாகப் போகும் வேனில் ஓட்டுநரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தால் கணவாய்க்குக் கீழே ஏதாவது ஒரு வளைவில் நிறுத்துவார். வெயில் ஏறி மேகம் இறங்கிய பிறகு, பதினொரு மணி வாக்கில் பூக்கள் முழுவதும் விரிந்திருக்கும். சாலையோர மண்சுவரை விட்டுவிட்டு, பாசி பிடித்த பாறையின் அடியோரங்களில் தேட வேண்டும். புல்லுக்குள் காலை வைப்பதற்கு முன் கையால் விலக்கிப் பார்த்துக்கொள்ள வேண்டும். பூக்காத கன்றுகள் ஒரு பொத்தான் அளவுதான் இருக்கும்.